முடிந்துபோன ஆய்வுக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதியைப் பின்னால் வாங்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். மருத்துவ மேற்படிப்பில் இருக்கிறீர்கள். உங்கள் துறையில் சிகிச்சை பெற்ற சுமார் 200 பேரின் கேஸ் ஷீட்டுகளிலிருந்து தகவல் எடுத்தீர்கள். அவர்களில் 60 பேரை ஒரு பயிற்சி மருத்துவர் மூலம் தொலைபேசியில் அழைத்து ஒரு கேள்வித்தாளையும் நிரப்பினீர்கள். மனிதர்களைக் கொண்டு செய்யும் ஆய்வுகளை முன்கூட்டியே பரிசீலித்து அனுமதிக்கும் எத்திக்ஸ் கமிட்டிக்கு, அதாவது நெறிமுறைக் குழுவுக்கு, யாரும் விண்ணப்பிக்கவில்லை. இப்போது நீங்கள் கட்டுரை அனுப்பியிருக்கும் மருத்துவ இதழ், அனுமதி எண்ணையும் தேதியையும் கேட்கிறது. "வாங்கிக்கொள்ளலாம், தேதியை நான் பேசிப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் துறைத் தலைவர். கூடவே தன் பெயரையும், வேறொரு துறையில் இருக்கும் நண்பரின் பெயரையும் ஆசிரியர் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார். "பின்தேதியிட்ட அனுமதி செல்லுமா", "அந்தப் பெயர்களைச் சேர்க்கலாமா" என்பவை நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், இந்த வேலையை நேர்மையாகக் காப்பாற்ற ஏதாவது வழி இருக்கிறதா, இல்லை மொத்தமாகத் தூக்கிப் போட வேண்டியதுதானா என்பதுதான் உங்கள் கவலை என்று தோன்றுகிறது.

நான் சில ஆண்டுகள் ஒரு எத்திக்ஸ் கமிட்டியில் உறுப்பினராக இருந்தேன். அதன் பிறகு ஒரு மருத்துவ இதழின் ஆசிரியர் குழுவில் இருந்து வருகிறேன். அதனால் இந்தக் கேள்வியை மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். உங்களிடம் இருப்பது ஒரே ஆய்வு போலத் தோன்றினாலும், நெறிமுறைக் கணக்கில் அவை இரண்டு. கேஸ் ஷீட் பகுதிக்கு வழி இருக்கலாம். தொலைபேசிப் பகுதி சிரமம்.

முதலில் சந்தேகமே இல்லாததைச் சொல்லிவிடுகிறேன். தேதியை மாற்றி எழுதிய அனுமதிக் கடிதம் போலி ஆவணம். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. அனுமதி இல்லாமல் ஆய்வு செய்தது ஒரு தவறு. விதி தெரியாமல் செய்திருக்கலாம், விசாரணையில் அதைச் சொல்லவும் செய்யலாம். கடிதத்தைத் திருத்தினால் அது தெரிந்தே செய்த ஏமாற்று ஆகிவிடும், கையெழுத்துப் போட்ட எல்லோரும் அதில் மாட்டுவார்கள். மனிதர்களைக் கொண்டு செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்காக 1964இல் உலக மருத்துவச் சங்கம் கொண்டுவந்த ஹெல்சிங்கி பிரகடனம், கடைசியாக 2024 அக்டோபரில் திருத்தப்பட்டது, ஆய்வுத் திட்டம் ஆய்வு தொடங்கும் முன்பே கமிட்டியிடம் போய் அனுமதி பெற வேண்டும் என்று நேராகவே சொல்கிறது. அந்த "முன்பே" எல்லா நாட்டு விதிகளிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது. ஆகவே முடிந்துபோன ஒன்றுக்கு, அது தொடங்கிய நாளிலிருந்து செல்லுபடியாகும்படி அனுமதி கொடுக்க எந்தக் கமிட்டியும் ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒழுங்காக நடக்கும் கமிட்டி ஒப்புக்கொள்ளாது.

"யார் பார்க்கப் போகிறார்கள்" என்று உங்கள் துறைத் தலைவர் நினைக்கிறார் போலிருக்கிறது. பார்க்கிறோம். கட்டுரை வந்ததும் நாங்கள் முதலில் திறப்பது முடிவுகளை அல்ல, ஆய்வு முறை பகுதியை. நோயாளிகளைச் சேர்த்த காலம், அனுமதிக் கடிதத்தின் தேதி, கடித எண்ணில் இருக்கும் ஆண்டு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஒருமுறை வந்த கட்டுரையில் நோயாளிகளைச் சேர்த்த காலம் ஜனவரி முதல் ஜூன் வரை. அனுமதிக் கடிதமோ ஆகஸ்ட். விளக்கம் கேட்டு எழுதினோம். திருத்திய பிரதியில் காலம் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை என்று மாறியிருந்தது. தட்டச்சுப் பிழையாம். கட்டுரை எங்களுக்கு முதன்முதலில் வந்ததே நவம்பரில். பிப்ரவரியில் முடிகிற ஆய்வின் முடிவுகளை நவம்பரிலேயே எப்படி அனுப்பினார்கள் என்று கேட்பதற்குள், துணைக் கோப்பாக இணைத்திருந்த எக்செல் தாளை ஒருவர் திறந்துவிட்டார். ஒவ்வொரு வரிசையிலும் ரத்தம் எடுத்த தேதி இருந்தது: மார்ச் 4, மார்ச் 9, மார்ச் 11. அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அதன் பிறகு அது எங்களுக்கும் கட்டுரை ஆசிரியர்களுக்கும் இடையிலான விஷயமாக இருக்கவில்லை, அவர்களுடைய நிறுவனத்துக்குப் போய்விட்டது.

இதழ்கள் ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1966இல் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்கவியல் பேராசிரியர், நோயாளிகளின் சம்மதம் இல்லாமலும் அவர்களை ஆபத்தில் தள்ளியும் நடத்தப்பட்ட 22 ஆய்வுகளை எடுத்துக்காட்டி ஒரு கட்டுரை எழுதினார். அவற்றை அவர் ரகசியமாகத் தோண்டி எடுக்கவில்லை. எல்லாம் மருத்துவ இதழ்களில் வெளிப்படையாக அச்சாகியிருந்தவை. சிஃபிலிஸ் நோயாளிகளுக்குச் சிகிச்சை தராமல் 40 ஆண்டுகள் வேடிக்கை பார்த்த டஸ்கீகி ஆய்வும் அப்படித்தான். 1932இல் தொடங்கி 1972இல் நிறுத்தப்படும்வரை அதைப் பற்றிய கட்டுரைகள் வந்துகொண்டேதான் இருந்தன. அச்சிட்டவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பது மெல்லத்தான் உறைத்தது. நெறிமுறைக்கு ஒவ்வாத ஆய்வை இதழ்கள் வெளியிட ஏற்கக் கூடாது என்று ஹெல்சிங்கி பிரகடனத்திலேயே இன்று இருக்கிறது. இன்னொன்றும் கவனியுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு, 1978இல் வான்கூவரில் கூடியதால் வான்கூவர் குழு என்றும் சொல்வார்கள், கமிட்டி அனுமதித்துவிட்டது என்பதற்காக இதழ் ஆசிரியர் தன் சொந்த முடிவை எடுக்கும் உரிமையை இழப்பதில்லை என்கிறது. அதாவது எண்ணைக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

அனுமதி இல்லாததை வெறும் காகிதக் குறை என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஜெர்மன் மயக்கவியல் மருத்துவர் யோவாகிம் போல்ட்டின் கதை. 2011இல் பல இதழ்களின் ஆசிரியர்கள் ஒன்றுசேர்ந்து அவருடைய 88 கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அந்த 88க்கும் அப்போது சொல்லப்பட்ட காரணம் தரவு பொய் என்பதல்ல. எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கு ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். தீவிரச் சிகிச்சையில் ரத்த அளவை ஈடுகட்டக் கொடுக்கப்படும் ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் என்ற திரவத்தைப் பாதுகாப்பானது என்று காட்டிய ஆய்வுகளில் அவருடையவை முக்கியமானவை. 2013இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அவருடைய ஆய்வுகளை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டபோது, அந்தத் திரவம் பெற்றவர்களிடம் மரணமும் சிறுநீரகச் செயலிழப்பும் கூடுதலாக இருப்பது தெரிந்தது. கமிட்டியின் பார்வைக்கே போகாத ஆய்வில் வேறு என்னென்ன சரியில்லாமல் இருக்கும் என்று இதழ்கள் சந்தேகப்படுவது இதனால்தான். உங்கள் ஆய்வு அப்படிப்பட்டது என்று சொல்லவில்லை. உங்களுக்கு வரும் கடிதத்தின் தொனி ஏன் அப்படி இருக்கிறது என்று புரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, உங்கள் இரண்டு பகுதிகளுக்கு வருவோம். கேஸ் ஷீட்டுகள் ஆய்வுக்காக உருவானவை அல்ல. அந்த 200 பேரும் சிகிச்சைக்கு வந்தார்கள், மருத்துவர்கள் எழுதினார்கள், ஆவணம் பதிவறையில் இருக்கிறது. அதை ஆய்வுக்குப் பயன்படுத்த இன்று புதிதாக விண்ணப்பிக்க எந்தத் தடையும் இல்லை. ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்குவது நடைமுறையில் முடியாத நிலையில், ஆபத்தும் மிகக் குறைவாக இருந்தால், தனிநபர் சம்மதத்துக்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் பெரும்பாலான கமிட்டிகளுக்கு உண்டு. இது பின்தேதியிட்ட அனுமதி அல்ல. இன்றைய தேதியில், இனிமேல் செய்யப்போகும் பகுப்பாய்வுக்கான அனுமதி. ஆனால் விண்ணப்பத்தில் ஒன்றை மறைக்காதீர்கள்: தகவலை ஏற்கனவே எடுத்துவிட்டீர்கள், ஒரு கட்டுரையும் எழுதி அனுப்பிவிட்டீர்கள். அதைச் சொல்லிக் கேட்டால் கமிட்டி உங்களைக் கண்டிக்கலாம், எடுத்த கோப்பை அழித்துவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லலாம், அல்லது இருப்பதையே பயன்படுத்த விடலாம். மூன்றும் நடக்கக்கூடியதுதான். எது நடக்கும் என்பது அந்தக் கமிட்டியையும், உங்கள் நாட்டுத் தரவுச் சட்டத்தையும் பொறுத்தது.

தொலைபேசிப் பகுதி வேறு ஜாதி. அங்கே நீங்கள் உயிருள்ள மனிதர்களை, ஆய்வுக்கென்றே, புதிதாகத் தொடர்புகொண்டீர்கள். சிகிச்சைக்காகக் கொடுத்த எண்ணை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினீர்கள். எடுத்தவர் மருத்துவமனையிலிருந்து அழைப்பு என்றதும் பதில் சொல்லியிருப்பார். மறுத்தால் அடுத்த முறை கவனிப்பு குறையுமோ என்ற பயத்தில் சொன்னாரா, விருப்பத்தோடு சொன்னாரா என்பது உங்களுக்கும் தெரியாது, அழைத்த பயிற்சி மருத்துவருக்கும் தெரியாது. எத்திக்ஸ் கமிட்டி இருப்பதே இப்படிப்பட்ட இடத்துக்காக. நடந்து முடிந்த இதற்கு அனுமதி கிடைக்காது என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுங்கள். சில கமிட்டிகள் அந்த 60 பேரையும் மறுபடி தொடர்புகொண்டு, நடந்ததைச் சொல்லி, அவர்கள் பதில்களைப் பயன்படுத்தலாமா என்று கேட்க அனுமதிக்கும். சில, அந்தத் தரவைத் தொடவே கூடாது என்று சொல்லும். இரண்டாவது வந்தால் மனம் கசக்கும், ஆனாலும் கேஸ் ஷீட் பகுதி தனியாகவே ஒரு சிறிய, நியாயமான கட்டுரையாக நிற்க வாய்ப்பு உண்டு. கேள்வித்தாள் உண்மையிலேயே முக்கியம் என்று நினைத்தால், முறையாக அனுமதி வாங்கிப் புதிய நோயாளிகளிடம் முதலிலிருந்து செய்யலாம். உங்களிடம் கேள்விகள் தயார், எந்தக் கேள்வி புரியவில்லை என்பதும் தெரியும். வேலை முழுக்க வீண் அல்ல.

இங்கே ஒருவர் உங்களுக்குப் பின்னூட்டத்தில் சொன்ன யோசனை, "இது ஆய்வே அல்ல, சேவைத் தரத் தணிக்கை என்று சொல்லிவிடுங்கள்" என்பது. இது முழுக்கத் தவறான யோசனை இல்லை. அதனால்தான் கவனமாக இருக்க வேண்டும். சொந்தத் துறையின் சேவையைத் திருத்திக்கொள்ளச் செய்யும் தணிக்கைக்குப் பல இடங்களில் கமிட்டி அனுமதி வேண்டியதில்லை. எங்கே கோடு போடுவது என்பதில் அனுபவமுள்ளவர்களே ஒத்துப்போவதில்லை. ஆனால் அது தணிக்கையா ஆய்வா என்று தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் துறைத் தலைவரும் அல்ல, கமிட்டி. விலக்கு உண்டு என்றால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். இதழ் ஆசிரியராக எனக்கு, "விலக்கு அளிக்கப்பட்டது" என்ற கடிதம் போதும். "எங்களுக்கு விலக்கு உண்டு என்று நினைத்தோம்" என்ற வாக்கியம் போதாது.

இன்னொரு யோசனை, எதுவும் கேட்காத இதழுக்கு அனுப்பிவிடுவது. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் ஏற்றுக்கொள்ளும் இதழ்களுக்குப் பஞ்சமில்லை. தயவுசெய்து வேண்டாம். அங்கே வெளியானதைப் பிறகு திரும்பப் பெறுவது பெரும் பாடு. சிலர் அதற்கும் தனியாகப் பணம் கேட்பார்கள். வெளியானதை வேறு இதழுக்கு அனுப்பினால் இரட்டைப் பிரசுரம். முக்கியமாக, இப்போது கேட்டுக் கடிதம் எழுதிய இதழ் உங்கள் கட்டுரையை மறந்துவிடாது. 1997இல் பிரிட்டனில் இதழ் ஆசிரியர்கள் சிலர் தொடங்கிய கோப் என்ற அமைப்பின் வழிகாட்டுதல்படி, சந்தேகம் எழுந்த கட்டுரை வெளியாகாவிட்டாலும், நிறுவனத்துக்குத் தெரியப்படுத்தும் பொறுப்பு இதழ் ஆசிரியருக்கு உண்டு.

அந்த அமைப்பு உருவானதில் ஒரு துறைத் தலைவரின் கதைக்கும் பங்கு உண்டு. உங்கள் இரண்டாவது கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. 1994இல் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் மால்கம் பியர்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், கருக்குழாயில் தங்கிய கருவை எடுத்துக் கருப்பையில் பதித்து நலமான குழந்தை பிறந்ததாக ஒரு கட்டுரை எழுதினார். அப்படி ஒரு நோயாளியே இல்லை. அடுத்த ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவு ரத்தானது. கட்டுரையில் இணை ஆசிரியராக இருந்தவர் துறைத் தலைவர் ஜெஃப்ரி சேம்பர்லின். அவர்தான் அந்தக் கட்டுரை வெளியான இதழின் ஆசிரியர், பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் தலைவரும்கூட. மோசடியை அவர் செய்யவில்லை. மரியாதைக்காகப் போட்ட பெயர்தான். இரண்டு பதவிகளையும் விட்டு விலக வேண்டியதாயிற்று. இது உங்கள் துறைத் தலைவருக்கு நேரடியாக உறைக்கும் கதை என்பதால் விரிவாகச் சொன்னேன். புதிய உதாரணம் வேண்டுமென்றால் கொரோனா நோயாளிகளுக்குத் தரப்பட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுவின் மருந்தைப் பற்றி 2020 மே 22இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை. 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகள் என்று சொன்னது. கேள்வி எழுந்ததும், மூலத் தரவை மற்ற மூன்று ஆசிரியர்களால் சரிபார்க்க முடியவில்லை. அது முழுக்க நான்காமவரின் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஜூன் 4இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

யார் ஆசிரியர் என்பதற்கு வான்கூவர் குழு வைத்திருக்கும் நிபந்தனைகள் நான்கு. ஆய்வைத் திட்டமிடுவதிலோ, தரவைத் திரட்டுவதிலோ, பகுப்பாய்விலோ, விளக்குவதிலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது கருத்தளவில் திருத்தியிருக்க வேண்டும். இறுதிப் பிரதிக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். எதைப் பற்றிக் கேள்வி வந்தாலும் பதில் சொல்லப் பொறுப்பேற்க வேண்டும். நான்கும் சேர்ந்து வேண்டும், ஏதாவது ஒன்று போதாது. நிதி வாங்கித் தந்தது, துறையை நடத்துவது, பொதுவாக மேற்பார்வை பார்த்தது, இவை மட்டும் இருந்தால் நன்றியுரையில்தான் இடம், அதுவும் அவரிடம் கேட்டுவிட்டு. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை ஆசிரியராகப் போடக் கூடாது என்று 2023இல் அந்தக் குழு சொன்னதும் நான்காவது நிபந்தனையால்தான். கருவியால் பொறுப்பேற்க முடியாது.

இதை அப்படியே எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் போய் விதி பேசச் சொல்லமாட்டேன். தேர்வில் கையெழுத்துப் போடப்போவது அவர்தான் என்பது எனக்கும் தெரியும். அவரை வெளியே தள்ளுவதைவிட உள்ளே இழுப்பது எளிது. பகுப்பாய்வு இனிமேல்தான் புதிதாக நடக்கப்போகிறது, இல்லையா? திட்ட வரைவை அவரிடம் கொடுத்து, "சார், இந்தப் பகுதியில் உங்கள் கருத்து வேண்டும்" என்று கேளுங்கள். அவர் உட்கார்ந்து படித்து, முடிவுகளை உங்களோடு விவாதித்து, பிரதியைத் திருத்தினால், அவர் நியாயமாகவே ஆசிரியர். நண்பர் விஷயத்தில் இந்த வழி செல்லாது. அவருக்கு இதில் எந்த வேலையும் இல்லை. அங்கே உங்களுக்குத் துணை படிவம்தான். பல இதழ்கள் இப்போது ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று 14 வகைப் பங்களிப்புகள் கொண்ட பட்டியலில் குறிக்கச் சொல்கின்றன. வெற்றுப் படிவத்தை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, அவரவர் பங்கை அவரவரே நிரப்பக் கேளுங்கள். நீங்கள் யாரையும் மறுக்க வேண்டியதில்லை. எழுத ஒன்றும் இல்லாதவர்கள் பெரும்பாலும் தாமாகவே ஒதுங்குவார்கள். ஒதுங்காதவர்களும் உண்டு. அப்போது தகராறை இதழ் தீர்த்து வைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். யார் ஆசிரியர் என்ற சண்டையை இதழ்கள் நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பும். பெயர் வரிசையும் அப்படித்தான், அதற்குப் பொது விதி கிடையாது.

இடையில் ஒரு சின்ன விஷயம். பெயரை நீக்கிவிட்டோம், அதனால் தரவில் அடையாளம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட தேதி, வயது, அரிதான ஒரு நோய், மூன்றும் ஒரே வரிசையில் இருந்தால் அந்த வார்டில் வேலை பார்த்த யாரும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். தேதிகளை நாள் கணக்காக மாற்றுங்கள், வயதை வரம்புகளாக்குங்கள். புகைப்படம் ஏதும் இருந்தால், கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைப்பது போதாது. அந்த நோயாளியின் எழுத்துபூர்வ சம்மதம் தனியாக வேண்டும்.

இனி என்ன வரிசையில் செய்வது என்றால், முதலில் ஒரு பக்கத்தில் நடந்ததைத் தேதிவாரியாக எழுதுங்கள்: எப்போது ஷீட்டுகளை எடுத்தீர்கள், யார் அழைத்தார்கள், என்ன சொல்லி அழைத்தார்கள். அதோடு கமிட்டியின் உறுப்பினர் செயலரைப் போய்ப் பாருங்கள். விண்ணப்பிப்பதற்கு முன்பே பார்ப்பது நல்லது, முறைசாராப் பேச்சிலேயே பாதி தெளிந்துவிடும். துறைத் தலைவரையும் அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது. தேதியைப் பேசிப் பார்த்துக்கொள்ளும் எண்ணம் அந்த அறையில் தானாகவே அடங்கிவிடும். அவர் வர மறுத்தால், தனியாகப் போவதால் உங்களுக்குத் துறையில் என்ன விலை என்பதை நீங்கள்தான் எடைபோட வேண்டும். வெளியே இருந்து நான் அதைச் சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்தில் ஆய்வு நேர்மைக்கென்று ஒரு அலுவலரோ, உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு மூத்த பேராசிரியரோ இருந்தால், அவரிடம் முதலில் பேசுங்கள். இந்தத் தரவை ஆய்வேட்டிலும் பயன்படுத்தியிருந்தால், அதையும் அந்தச் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். கட்டுரையைத் திருத்தி, ஆய்வேட்டை அப்படியே விட்டால் இரண்டும் முரண்படும்.

இதழுக்கு இன்றே பதில் எழுதிவிடலாம், அதற்குக் கமிட்டியின் முடிவு வரக் காத்திருக்க வேண்டாம். நீளம் தேவையில்லை. "ஆய்வு தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்படவில்லை. இதை எங்கள் நிறுவனக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுபோகிறோம். கட்டுரையைத் திரும்பப் பெற விரும்புகிறோம், குழுவின் முடிவைத் தங்களுக்குத் தெரிவிப்போம்" என்று மூன்று வரி போதும். எல்லா ஆசிரியர்களின் மின்னஞ்சலையும் அதில் சேர்த்து, அனுப்பும் முன் வரைவை அவர்களுக்குக் காட்டிவிடுங்கள். கேட்டிருக்கும் கெடு நெருங்கிவிட்டது, எல்லோரும் ஒப்புக்கொள்ள நாளாகும் என்றால், கூடுதல் அவகாசம் கேட்டு ஒரு வரி முதலில் அனுப்புங்கள். இப்படிக் கேட்பவர்களுக்கு நாங்கள் அவகாசம் மறுத்ததாக எனக்கு நினைவில்லை.